பள்ளிக்கூட நிலவறையில் எண்ணப்பட்ட சாவுகள்

1943 ஜூலை 19. ரோம் நகரத்தின் மேல் முதன்முறையாக நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்ட நாள். குறி சான் லொரென்ஸோ ரயில் நிலையம். ரயில் பாதையோடு சேர்ந்து அதைச் சுற்றியிருந்த உழைப்பாளிகளின் குடியிருப்பும் தரைமட்டமானது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அன்று செத்தார்கள். அந்தப் பகுதியை ஒட்டித்தான் ரோம் பல்கலைக்கழகம் இருக்கிறது. வளாகத்துக்குள்ளும் குண்டுகள் விழுந்தன.

அங்கே இயற்பியல் துறையில் இரண்டு இளைஞர்கள் ஒரு கருவியை வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மார்செல்லோ கான்வெர்சி, பார்வைக் குறைபாட்டால் ராணுவத்திலிருந்து விலக்கு வாங்கியவர். ஒரெஸ்தே பிச்சோனி, ராணுவத்தில் இருந்துகொண்டே ஆய்வையும் விடாமல் வைத்திருந்தவர். இருவருக்கும் முப்பது வயதுகூட ஆகவில்லை. இனி இங்கே வேலை செய்ய முடியாது என்று தெரிந்ததும் கருவிகளையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு ஊரின் மறுபக்கம் போனார்கள். விர்ஜீலியோ என்ற பள்ளிக்கூடத்தின் நிலவறையில் இடம் கிடைத்தது. அந்த இடத்துக்கு ஒரே ஒரு விசேஷம்தான்: வாட்டிகன் பக்கத்தில் இருக்கிறது. போப்பாண்டவர் வீட்டுக்குப் பக்கத்தில் குண்டு போட மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை.

சரி, அப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தூக்கிப்போன கருவி எதற்கு? வானத்திலிருந்து விழுகிற ஒரு துகள், விழுந்து நின்ற பிறகு எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கிறது என்று அளப்பதற்கு. அந்த நேரம், ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் இரண்டு கூறு.

ஊரே செத்துக்கொண்டிருக்கும்போது இந்த ஆராய்ச்சி தேவையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த நிலவறையிலும், பிறகு அதே கருவியின் வாரிசிலும் எண்ணப்பட்ட கணக்குதான் இன்று நாம் 'துகள் இயற்பியல்' என்று சொல்லும் துறைக்கு வாசலைத் திறந்தது. ஒரு துகள் எவ்வளவு நேரத்தில் சாகிறது, செத்து என்னவாக மாறுகிறது: இந்த இரண்டு கேள்விகளை வைத்தே அது யார் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பதை உலகம் அங்கேதான் கற்றுக்கொண்டது.

*

முதலில் 'ஆயுள்' என்ற சொல்லைக் கொஞ்சம் சரி செய்துகொள்ள வேண்டும். மனிதனுக்கு ஆயுள் என்றால் வயது ஏறும், உடம்பு தளரும், ஒருநாள் முடியும். துகள்களுக்கு வயது ஏறுவதே இல்லை. இப்போதுதான் பிறந்த ஒரு மியுவானும் ஏற்கனவே ஐந்து மைக்ரோ நொடி தாக்குப்பிடித்த ஒரு மியுவானும் ஒன்றுதான். அடுத்த நொடித்துளியில் சிதையும் வாய்ப்பு இரண்டுக்கும் சமம். கிழட்டு மியுவான் என்று ஒன்று கிடையாது.

அதனால் ஒரே ஒரு மியுவானைப் பார்த்து அதன் ஆயுள் என்ன என்று சொல்லவே முடியாது. ஒன்று உடனே போகலாம், இன்னொன்று பத்து மைக்ரோ நொடி கிடக்கலாம். கூட்டமாக எடுத்துக்கொண்டால்தான் ஒழுங்கு தெரியும். ஆயிரம் மியுவான்கள் இருந்தால் 2.2 மைக்ரோ நொடி கழித்து சுமார் 370 மிஞ்சும். இன்னொரு 2.2 கழித்து அந்த 370-இல் அதே விகிதம், அதாவது சுமார் 135. இப்படி விகிதம் மாறாமல் தேய்ந்துகொண்டே போகும். அந்த 2.2-ஐத்தான் சராசரி ஆயுள் என்கிறோம்.

ஆக அளப்பவருடைய வேலை, பொறுமையாகச் சாவுகளை எண்ணுவது. ஒவ்வொன்றும் வந்து நின்ற கணத்துக்கும் சிதைந்த கணத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று குறித்துக்கொண்டே வர வேண்டும். ஆயிரக்கணக்கில் சேர்ந்த பிறகு கோடு தானாகத் தெரியும்.

கேட்க எளிது. 1930-களில் மைக்ரோ நொடியை அளக்கும் கடிகாரம் யாரிடமும் இல்லை.

*

கதையின் வேர் ஜப்பானில் இருக்கிறது. 1935-இல் ஹிதெகி யுகாவா ஒரு கணிப்பை வெளியிட்டார். அணுக்கருவுக்குள் புரோட்டான்களையும் நியூட்ரான்களையும் பிடித்து வைத்திருக்கும் விசையைச் சுமக்க ஒரு துகள் இருக்க வேண்டும். அதன் எடை எலக்ட்ரானைப் போல ஏறக்குறைய 200 மடங்கு இருக்கும் என்றார். வெளியே வந்தால் அது நீடிக்காது, சீக்கிரமே சிதைந்துவிடும் என்பதும் அவர் கருத்து.

இரண்டு வருடத்தில் அப்படி ஒரு துகள் சிக்கியது. அமெரிக்காவில் கார்ல் ஆண்டர்சனும் சேத் நெடர்மையரும், தனியாக ஹார்வர்டில் ஸ்ட்ரீட்டும் ஸ்டீவன்சனும், காஸ்மிக் கதிர்களில் எலக்ட்ரானைவிட கனமான, புரோட்டானைவிட லேசான ஒன்றைக் கண்டார்கள். எடை கிட்டத்தட்ட யுகாவா சொன்னதேதான். மீசோட்ரான் என்று பெயர் வைத்தார்கள். கணிப்பும் வந்துவிட்டது, ஆளும் கிடைத்துவிட்டார். மாப்பிள்ளை இவர்தான் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

எடை பொருந்துகிறது என்பதற்காக ஆள் அவரேதான் என்று ஆகிவிடுமா? அந்தச் சந்தேகம் அப்போது பெரிதாக யாருக்கும் வரவில்லை. ஆயுள் மட்டும் அளந்துவிட்டால் போதும், கல்யாணம் முடிந்த மாதிரி என்றுதான் இருந்தது.

அந்த அளவீட்டில் முதலில் இறங்கியவர்களில் ஒருவர் புரூனோ ரோஸி. வெனிஸில் பிறந்தவர். பல கைகர் குழாய்கள் ஒரே நேரத்தில் துடித்தால் மட்டும் 'ஆம்' சொல்லும் மின்சுற்றை 1930-இல் கண்டுபிடித்தவர். ஒரு துகள் மேலிருந்து கீழே வரிசையாக எல்லாக் குழாய்களையும் கடந்து போனதா என்று அந்தச் சுற்று சொல்லிவிடும். காஸ்மிக் கதிர் ஆய்வு முழுவதும் அதன் மேல்தான் நின்றது. பதுவா பல்கலைக்கழகத்தில் இயற்பியலுக்கென்று புதிய கட்டடத்தை முன்நின்று கட்டி முடித்தார். 1938-இல் முசோலினி அரசின் இனச் சட்டங்கள் வந்தன. ரோஸி யூதர். அவர் கட்டிய கட்டடத்துக்குள் அவருக்கே வேலை இல்லை என்றாகிவிட்டது.

இளம் மனைவி நோராவோடு கோபன்ஹேகன், மான்செஸ்டர் என்று அலைந்து 1939-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். சிகாகோவில் ஆர்தர் காம்ப்டன் ஆதரித்தார். அந்தக் கோடையிலேயே ஒரு பழைய பஸ்ஸில் கைகர் குழாய்களையும் கிராஃபைட்டையும் ஏற்றிக்கொண்டு கொலராடோவின் எவன்ஸ் மலைக்குக் கிளம்பினார்கள். உச்சி 4,300 மீட்டருக்கு மேல்.

எதற்கு மலை? அங்கேதான் அவர் உத்தி இருக்கிறது. மலை உச்சியில் எத்தனை மீசோட்ரான்கள் வருகின்றன, ஆயிரம் மீட்டர் கீழே எக்கோ ஏரிக்கரையில் எத்தனை வருகின்றன என்று எண்ணினார். நடுவில் இருக்கும் காற்று சிலவற்றைத் தடுத்திருக்கும், அது எதிர்பார்த்ததுதான். இப்போது அந்தக் காற்றுக்குச் சமமான எடையுள்ள கிராஃபைட்டை உச்சியிலேயே குழாய்களுக்கு மேல் அடுக்கி எண்ணினார். தடுக்கும் பொருளின் அளவு இரண்டிலும் ஒன்றுதான், ஆனால் காற்றில் தொலைந்த எண்ணிக்கை கிராஃபைட்டில் தொலைந்ததைவிட அதிகம்.

ஒரே வித்தியாசம் நேரம். கிராஃபைட்டைக் கடக்கக் கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. ஆயிரம் மீட்டர் காற்றைக் கடக்க மூன்று மைக்ரோ நொடிக்கு மேல் ஆகும். அந்த வழியில் செத்துப்போனவைதான் கணக்கில் உதைத்தன.

இதிலேயே இன்னொரு ஆச்சரியமும் ஒளிந்திருந்தது. ஒளி 2.2 மைக்ரோ நொடியில் 660 மீட்டர்தான் போகும். மீசோட்ரான்கள் பிறப்பதோ பத்து பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில். கணக்குப்படி பார்த்தால் தரைக்கு வந்து சேரவே கூடாது. ஆனால் வருகின்றன, உங்கள் உள்ளங்கையை விரித்து நீட்டினால் நிமிடத்துக்குச் சுமார் நூறு அதைத் துளைத்துப் போகும். காரணம் ஐன்ஸ்டைன் சொன்னது: வேகமாக ஓடுபவருக்கு நேரம் மெதுவாகப் போகும். 1941-இல் ரோஸியும் டேவிட் ஹாலும் வெவ்வேறு வேகமுள்ள மீசோட்ரான்களை ஒப்பிட்டு இதைக் காட்டினார்கள். வேகம் கூடுதலானவை நமக்குத் தெரிகிற கணக்கில் அதிக நேரம் வாழ்ந்தன.

பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் போன ரோஸி, மாணவர் நோரிஸ் நெரெசனோடு சேர்ந்து நேரடியாகவே ஆயுளை அளக்க ஒரு சுற்றைச் செய்தார். அதன் சூட்சுமம் நம் வீட்டுக் குழாயடிதான். ஒரே சீராகத் தண்ணீர் விழும் குழாயின் கீழ் ஒரு வாளி. துகள் வந்து நின்றதும் குழாய் திறக்கும், சிதைந்ததும் மூடும். வாளியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்தால் எவ்வளவு நேரம் ஆனது என்று தெரிந்துவிடும். தண்ணீருக்குப் பதில் மின்னூட்டம், வாளிக்குப் பதில் மின்தேக்கி. 1943-இல் அவர்கள் சொன்ன எண்: 2.15 மைக்ரோ நொடி, பிழை வரம்பு 0.07.

அதே வருடம் ரோஸி லாஸ் அலமோஸுக்குப் போனார். அணுகுண்டுத் திட்டம். அதே மின்சுற்று அறிவு இப்போது வேறு வேலைக்குத் தேவைப்பட்டது.

*

ரோமுக்குத் திரும்புவோம். 1938-க்கு முன் அந்த ஊர் அணுக்கரு ஆய்வின் தலைநகரங்களில் ஒன்று. என்ரிகோ ஃபெர்மி அங்கே இருந்தார். அவரைச் சுற்றி ராசெட்டி, செக்ரே, அமால்தி, பொன்டெகோர்வோ என்று ஒரு பட்டாளம். இனச் சட்டங்களுக்குப் பிறகு அது சிதறியது. ஃபெர்மியின் மனைவி யூதர். 1938 டிசம்பரில் நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோம் போனவர் ஊர் திரும்பாமல் அப்படியே நியூயார்க் போய்விட்டார். எதோர்தோ அமால்தி மட்டும் தங்கினார். மிச்சம் இருந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். போர் தொடங்கியதும் வெளிநாட்டு ஆய்விதழ்கள் வருவதும் குறைந்து நின்றுபோனது.

ஃபிராங்கோ ராசெட்டி கனடாவின் கியூபெக்கில் இருந்தார். அவரும் மீசோட்ரான் ஆயுளை அளந்தார். 1941-இல் அவருக்குக் கிடைத்தது 1.5 மைக்ரோ நொடி. கூடவே ஒரு விசித்திரம்: பொருளுக்குள் வந்து நிற்பவற்றில் பாதிதான் சிதைகின்றன. மீதி பாதி சத்தமே இல்லாமல் காணாமல் போகின்றன. (ராசெட்டியை அணுகுண்டு வேலைக்குக் கூப்பிட்டபோது மாட்டேன் என்றார். பின்னாளில் புதைபடிவங்கள், மலைப்பூக்கள் என்று ஒதுங்கிப்போனார்.)

காணாமல் போகும் பாதிக்கு ஜப்பானிலிருந்து ஏற்கனவே ஒரு விளக்கம் வந்திருந்தது. மீசோட்ரான்களில் நேர்மின் கொண்டவை உண்டு, எதிர்மின் கொண்டவை உண்டு. அணுக்கரு நேர்மின் உடையது. 1940-இல் தொமோநாகாவும் அராகியும் சொன்னது இது: நேர்மின் மீசோட்ரானை அணுக்கரு தள்ளிவிடும், அது தனியாகக் கிடந்து தன் நேரத்தில் சிதையும். எதிர்மின் மீசோட்ரானை அணுக்கரு இழுத்துக்கொள்ளும். இது யுகாவாவின் துகள் என்றால் அணுக்கரு விசையே இதனால் ஆனது. ஆகவே சிதைய அவகாசமே தராமல் உடனே விழுங்கிவிடும்.

கான்வெர்சியும் பிச்சோனியும் 1941-ஐ ஒட்டித் தொடங்கிய வேலை, இந்த ஆயுளை இன்னும் துல்லியமாக அளப்பதுதான். பிச்சோனிக்கு மின்சுற்றுகள் கைவந்த கலை. மிக வேகமாகப் பதில் சொல்லும் சுற்றுகளை அவர்கள் கையாலேயே வடிவமைத்தார்கள். மேலே சில கைகர் குழாய்கள், நடுவில் இரும்புப் பாளம், கீழே வேறு குழாய்கள். மேல் குழாய்கள் துடித்து, கீழே எதுவும் வெளியேறவில்லை என்றால் துகள் பாளத்துக்குள் நின்றுவிட்டது என்று பொருள். கொஞ்சம் தாமதித்து ஓர் எலக்ட்ரான் வெளியே வந்தால், உள்ளே ஒன்று சிதைந்தது என்று பொருள். அந்தத் தாமதத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு அடுத்ததற்காகக் காத்திருக்க வேண்டும்.

1943 செப்டம்பரில் இத்தாலி நேச நாடுகளிடம் சரணடைந்தது. உடனே ஜெர்மன் படை ரோமைப் பிடித்துக்கொண்டது. அக்டோபர் 16 அன்று ரோமின் யூதர்களை வீடு வீடாகப் பிடித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். 1944 மார்ச் 24 அன்று நகரத்துக்கு வெளியே ஆர்தெயாத்தினே குகைகளில் 335 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். இதெல்லாம் நடந்துகொண்டிருந்த நகரத்தில்தான் அந்த நிலவறையில் எண்ணிக்கை போய்க்கொண்டிருந்தது.

இதை வீரக் கதையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர்கள் அளந்ததால் ஒரு உயிர்கூடப் பிழைக்கவில்லை. அதே சமயம், இதைவிட்டுவிட்டு வேறெதைச் செய்திருக்க வேண்டும் என்று வெளியிலிருந்து சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. உலகின் மிகச் சிறந்த இயற்பியலாளர்களில் பலர் அப்போது இரண்டு தரப்பிலும் ஆயுதம் செய்யப் போயிருந்தார்கள். இங்கே இரண்டு பேர் யாருக்கும் எந்த ஆதாயமும் இல்லாத ஒரு எண்ணைச் சரியாகக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்கு என்று ஒன்று இருக்கிறது என நம்புகிறவர்கள்தான் அப்படி உட்கார முடியும்.

1944 ஜூனில் ரோம் விடுதலையானது. அவர்களுக்குக் கிடைத்த எண் 2.33 மைக்ரோ நொடி. கடல் தாண்டி ரோஸியும் நெரெசனும் ஏற்கனவே இதை அளந்துவிட்டார்கள் என்பதே அதன் பிறகுதான் தெரியவந்தது. முதலில் கண்டுபிடித்தவர்கள் என்ற பெயர் போயிற்று. ஆனால் இரண்டு கண்டங்களில், ஒருவரை ஒருவர் அறியாமல், வெவ்வேறு கருவிகளால் அளந்த எண்கள் பிழை வரம்பு தொட்டுக்கொள்ளும் அளவுக்கு நெருங்கியிருந்தன. அறிவியலில் அதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு.

*

முந்தியவர் வேறொருவர் என்று தெரிந்ததும் சோர்ந்து போயிருக்கலாம். அவர்கள் அடுத்த கேள்விக்குப் போனார்கள். இப்போது மூன்றாவதாக எத்தோரே பன்சீனி சேர்ந்தார். போர்க்காலத்தில் வட இத்தாலியில் நாஜிகளுக்கு எதிரான கொரில்லாப் போராட்டத்தில் இருந்தவர். துப்பாக்கியை வைத்துவிட்டு ஆய்வகத்துக்கு வந்தார்.

தொமோநாகாவும் அராகியும் சொன்னது உண்மைதானா என்று நேரடியாகப் பார்ப்பதுதான் திட்டம். அதற்கு நேர்மின் துகள்களையும் எதிர்மின் துகள்களையும் பிரிக்க வேண்டும். ரோஸி இத்தாலியில் இருந்தபோது பயன்படுத்திய ஒரு யோசனையை எடுத்தார்கள்: காந்தமேற்றிய இரும்புப் பாளங்களை அருகருகே வைத்தால், ஒரு வகைத் துகள்களை உள்பக்கமாக வளைத்துக் குவிக்கும், மறு வகையை வெளியே தள்ளிவிடும். காந்தத்தின் திசையை மாற்றினால் தலைகீழ். நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டவரின் யோசனை நாட்டிலேயே இருந்தது.

முதலில் இரும்பில் சோதித்தார்கள். நேர்மின் துகள்கள் சிதைந்தன. எதிர்மின் துகள்களில் தாமதமான எலக்ட்ரான் கிட்டத்தட்ட வரவே இல்லை, அணுக்கரு விழுங்கிவிட்டது. ஜப்பானியர் சொன்னது சொன்னபடி. இத்தோடு நிறுத்தியிருந்தால் யுகாவாவின் துகள் இதுதான் என்று இன்னொரு சான்று சேர்ந்ததோடு கதை முடிந்திருக்கும்.

அவர்கள் இரும்பை எடுத்துவிட்டு கார்பனை வைத்தார்கள். 1946. கார்பனில் எதிர்மின் துகள்களும் சிதைந்தன. நேர்மின்னைப் போலவே, நிதானமாக, தங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டு.

இது ஏன் இடி மாதிரி விழுந்தது என்று புரிய ஒரு கணக்குப் போதும். கார்பன் அணுக்கரு இரும்பைவிடச் சிறியது, இழுப்பும் குறைவு. ஆனால் துகள் அணுக்கரு விசைக்குச் சொந்தக்காரர் என்றால் அந்தக் குறைச்சலெல்லாம் பொருட்டே இல்லை; கண நேரத்தில் விழுங்கப்பட்டிருக்க வேண்டும். ஃபெர்மி, டெல்லர், வைஸ்காஃப் மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். எதிர்பார்த்ததற்கும் கார்பனில் கண்டதற்கும் வித்தியாசம் ஏறக்குறைய லட்சம் கோடி மடங்கு. இரண்டு மடங்கு, பத்து மடங்கு என்றால் கோட்பாட்டைக் கொஞ்சம் அங்கே இங்கே தட்டிச் சரி பண்ணலாம். லட்சம் கோடி மடங்கைத் தட்டிச் சரி பண்ண முடியாது.

அப்படியென்றால் பத்து வருடமாக மாப்பிள்ளை என்று உட்கார வைத்திருந்தவர் வேறு யாரோ. எடை பொருந்தியது தற்செயல். அணுக்கரு விசைக்கும் அவருக்கும் உறவே இல்லை.

மூவரின் கட்டுரை 1947 பிப்ரவரியில் அச்சானது. அந்த ஜூனில் அமெரிக்காவின் ஷெல்டர் தீவில் கூடிய இயற்பியலாளர்கள் இதைப் பற்றித்தான் மண்டையைக் குழப்பிக்கொண்டார்கள். இரண்டு மீசான்கள் இருக்கலாம், ஒன்று சிதைந்து இன்னொன்றாக மாறலாம் என்று ராபர்ட் மார்ஷாக் சொன்னார். ஜப்பானில் சகாதாவும் கூட்டாளிகளும் போர்க்காலத்திலேயே இதைச் சொல்லியிருந்தார்கள். வெளியுலகத்துக்கு அது எட்டவில்லை.

விடை அதே வருடம் பிரிஸ்டலில் செசில் பவல் குழுவின் புகைப்படத் தகடுகளில் கிடைத்தது. மலை உச்சிகளில் வைத்துக் கழுவிய தகடுகளில், ஒரு துகள் வந்து நிற்கிறது. அது நின்ற இடத்திலிருந்தே இன்னொரு துகள் புறப்படுகிறது. அந்த இரண்டாம் துகளின் தடம் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நீளம், 0.6 மில்லிமீட்டர். நீளம் ஒன்றே என்றால் ஆற்றலும் ஒன்றே. ஒரு துகள் சரியாக இரண்டாக உடைந்தால்தான் ஒவ்வொரு முறையும் ஒரே பங்கு கிடைக்கும். மற்ற பங்கு கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. முதல் துகள்தான் யுகாவா தேடியது: பையான், ஆயுள் வெறும் 26 நானோ நொடி. இரண்டாவது நம் பழைய ஆள்: மியுவான்.

இதே வழியில் இந்தியாவிலும் இரண்டு பேர் நெருங்கி வந்திருந்தார்கள். தெபேந்திர மோகன் போஸும் பிபா சௌதுரியும் 1930-களின் இறுதியில் டார்ஜிலிங் பக்கத்து மலைகளில் தகடுகளை வைத்து, இந்த எடைக்கு அருகான துகள்களின் தடங்களைக் கண்டு எழுதினார்கள். மேலே போக இன்னும் நுட்பமான தகடுகள் வேண்டியிருந்தன. போர்க்காலத்தில் அவை கிடைக்கவில்லை. அதே போர் ரோமில் இரண்டு பேரை நிலவறைக்குத் துரத்தியது. இங்கே ஒரு பெண் விஞ்ஞானியின் கையில் தகடு கிடைக்காமல் செய்தது.

*

ஆயுள் ஒரு பாதி. செத்து என்னவாகிறது என்பது மறுபாதி. மியுவான் விஷயத்தில் அந்த மறுபாதிதான் இன்னும் ஆழமாகப் போனது.

மியுவான் சிதைந்தால் எலக்ட்ரான் வருகிறது என்பது 1940-இலேயே வேல்ஸில் வில்லியம்ஸும் ராபர்ட்ஸும் முகில் அறையில் எடுத்த படத்தில் தெரிந்துவிட்டது. கூட வருவது யார்? பையான் கணக்குப்படி எலக்ட்ரானின் ஆற்றல் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருந்தால், கூட வருவது ஒருவர். சிகாகோவில் ஃபெர்மியின் மாணவர் ஜாக் ஸ்டைன்பெர்கர் அளந்து பார்த்தார். ஆற்றல் ஒன்றாக இல்லை. கம்மியும் வந்தது, அதிகமும் வந்தது. சொத்தை மூன்று பேர் பிரித்துக்கொண்டால் ஒருவர் பங்கு ஒவ்வொரு முறையும் மாறும். ஆக எலக்ட்ரானோடு கண்ணுக்குத் தெரியாத இரண்டு பேர் போகிறார்கள். நியூட்ரினோக்கள்.

மியுவான் என்பது எடை கூடிய எலக்ட்ரான்தானே, அப்படியானால் கூடுதல் ஆற்றலை ஒரு காமா கதிராக விட்டுவிட்டு நேராக எலக்ட்ரானாகிவிடலாமே என்று தோன்றும். ரோம் பட்டாளத்தின் கடைக்குட்டியான பொன்டெகோர்வோ, ஹிங்க்ஸோடு சேர்ந்து கனடாவில் இதைத் தேடினார். கிடைக்கவில்லை. எளிதாக நடந்திருக்க வேண்டிய ஒன்று நடக்கவே இல்லை என்றால் அதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது என்று பொருள். மியுவானுக்கு ஒரு நியூட்ரினோ, எலக்ட்ரானுக்கு வேறொரு நியூட்ரினோ. இரண்டும் ஒரே குடும்பம் இல்லை. 1962-இல் புரூக்ஹேவனில் லெடர்மன், ஷ்வார்ட்ஸ், ஸ்டைன்பெர்கர் மூவரும் அதைப் பரிசோதனையில் காட்டினார்கள். நடக்காத ஒரு சாவிலிருந்து கிளம்பிய சந்தேகம் அது.

அந்தத் தேடல் இன்றும் நிற்கவில்லை. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் இப்போதும் தேடுகிறார்கள். 3 லட்சம் கோடி மியுவான்களில் ஒன்றுகூட அப்படிச் சிதைவதாகத் தெரியவில்லை. என்றாவது ஒன்று சிக்கினால், இப்போதைய பாடப்புத்தகத்தைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். அதே நிறுவனத்தில்தான் மியுவானின் ஆயுளும் மறுபடி அளக்கப்பட்டது. லட்சம் கோடிக்கு மேற்பட்ட சிதைவுகளை எண்ணி வந்த விடை 2.1969803 மைக்ரோ நொடி. பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் பிழை. இயற்கையின் நான்கு அடிப்படை விசைகளில் ஒன்றான மென்விசை எவ்வளவு வலுவானது என்பதை இந்த எண்ணிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

நிலவறையில் கிடைத்த 2.33-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கரடுமுரடாகத்தான் தெரியும். ஆனால் 2.33-ஐ அளந்த கைகளுக்குத்தான் அடுத்து கார்பனில் வந்த விடையைச் சந்தேகப்படாமல் நிற்க முடிந்தது. தங்கள் கருவி எங்கே பொய் சொல்லும், எங்கே சொல்லாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உலகமே ஒரு விடையை எதிர்பார்க்கும்போது வேறொரு விடை வந்தால், பெரும்பாலும் நாம் கருவியைத்தான் சந்தேகப்படுவோம்.

யுகாவாவுக்கு 1949-இல் நோபல் பரிசு, பவலுக்கு 1950-இல். ரோம் மூவருக்குக் கிடைக்கவில்லை. நவீனத் துகள் இயற்பியல் அவர்களுடைய பரிசோதனையில்தான் தொடங்கியது என்று 1968-இல் தன் நோபல் உரையில் லூயிஸ் அல்வாரெஸ் நினைவுகூர்ந்தார். பிச்சோனி அமெரிக்கா போய் ரோஸியோடு வேலை பார்த்தார். பன்சீனியின் பெயரை நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறை இன்று தாங்கி நிற்கிறது.

மியுவான் யாரென்று தெரிந்துவிட்டது. ஏன் இருக்கிறது என்பது மட்டும் தெரியவில்லை. அணுவைக் கட்ட அது தேவையில்லை. அது இல்லாவிட்டாலும் கல்லும் மரமும் நாமும் இப்படியேதான் இருப்போம் போலத் தோன்றுகிறது. ஓட்டலில் நாம் கேட்காத பதார்த்தம் மேஜைக்கு வந்தால் கேட்பது போல, "இதை யார் ஆர்டர் பண்ணது?" என்று இசிடோர் ராபி கேட்டதாகச் சொல்வார்கள். எண்பது வருடம் ஆகப்போகிறது. ஆர்டர் கொடுத்தவர் இன்னும் கையைத் தூக்கவில்லை.